பலவீனமான அந்த ஒரு பீப் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலேயிலிருந்து ஹெண்டர்சன் போகும் யுஎஸ் 1 சாலை. 2021 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். யங்ஸ்வில் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் வேக எல்லை மணிக்கு 55 மைல், நான் 67இல் போய்க்கொண்டிருந்தேன். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ரேடார் டிடெக்டர், அதாவது போலீஸ் வேகம் அளக்க அனுப்பும் ரேடார் அலையை உணர்ந்து எச்சரிக்கும் கருவி, ஒரே ஒரு தடவை ‘பீப்’ என்றது. போலீஸ் ரேடார் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான கேஏ பேண்ட், ஒரு புள்ளி பலம், ஒரு நொடி. பிறகு அமைதி.

நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. முக்கால் மைல் போய் ஒரு மேடு ஏறி இறங்கியபோது அதே டிடெக்டர் வீறிட்டது. பிரேக்கில் கால் படுவதற்குள் என் வேகம் பதிவாகிவிட்டது. மரங்களுக்கு நடுவே நின்றிருந்த ரோந்துக் கார் நீல விளக்கோடு வெளியே வந்தது.

டிக்கெட் எழுதிய அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். தப்பு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முதல் பீப்பை நான் ஏன் அலட்சியம் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்னும் பலர் அதே நினைப்பில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. போலீஸ் காரில் ரேடார் சும்மா இருக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் அலை கசிந்துகொண்டே இருக்கும், நல்ல டிடெக்டர் அந்தக் கசிவையும் பிடித்துவிடும், அதனால் பலவீனமாக ஒரு பீப் வந்தால் ‘எங்கேயோ ஒரு போலீஸ் கார் சும்மா நிற்கிறது’ என்றுதான் அர்த்தம், பலமாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. மின்சாரம் ஓடும் எந்தப் பெட்டியும் ஏதாவது கசியத்தானே செய்யும்? நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை டிக்கெட்டோடு நிற்கவில்லை, அடுத்த ஆண்டு இன்சூரன்ஸ் பிரீமியத்திலும் தெரிந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துத் தக்காளியைக் கொண்டுவந்து தருகிற அளவுக்குப் பழக்கம். அவரிடம் நேராகவே கேட்டேன். ‘ரேடாரை அணைக்காமல் வைத்திருக்கும்போது அது கசியுமா?’

அவர் விளக்கியது இதுதான். காரில் இருக்கும் ரேடாருக்கு ‘ஹோல்ட்’ என்று ஒரு நிலை உண்டு. திரை எரியும், உள்ளே கணக்குப் போடும் பகுதி தயாராக இருக்கும். ஆனால் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு மின்சாரம் போகாது. ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால்தான் அலை கிளம்பும். அழுத்தி இரண்டு மூன்று நொடியில் வேகம் தெரிந்துவிடும், உடனே மறுபடி ஹோல்ட். ‘எப்போதும் ஆன் செய்து வைத்தால் எல்லாரும் ஒரு மைலுக்கு முன்னாலேயே பிரேக் போட்டுவிடுவார்கள். அதனால்தான் நாங்கள் கார் வந்த பிறகு அழுத்துவோம்’ என்றார். ‘அப்படியென்றால் அன்றைக்கு எனக்குக் கேட்டது?’ என்றேன். ‘உனக்கு முன்னால் ஒரு கார் போனதா?’ என்று திருப்பிக் கேட்டார்.

போனது. ஒரு வெள்ளை பிக்கப் டிரக், எனக்கு அரை மைல் முன்னால். எனக்குக் கேட்டது அந்த டிரக்கை அளக்க ரோந்துக் காரிலிருந்த அதிகாரி அனுப்பிய அலையின் சிதறல். அந்த ஒரு நொடிதான் எனக்குக் கிடைத்த முழு எச்சரிக்கை. அதைத்தான் நான் ‘சும்மா கசிவு’ என்று ஒதுக்கியிருந்தேன்.

அவர் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் என் மனம் ஒப்பவில்லை. என் மகள் விளையாடும் சாப்ட்பால் குழுவின் கோச்சிடம் பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன் ஒன்று இருந்தது. அதுவும் போலீஸ் ரேடார் வேலை செய்கிற அதே விதத்தில்தான் வேலை செய்கிறது. கோச்சிடம் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆள் இல்லாத பள்ளி வாகன நிறுத்தத்துக்குக் காரை ஓட்டிப்போனேன். காவலரும் மடக்கு நாற்காலியோடு கூடவே வந்துவிட்டார்.

கன்னை ஆன் செய்து, டிரிகரைத் தொடாமல், டிடெக்டரின் மூக்குக்கு நேரே ஒரு முழ தூரத்தில் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தோம். இல்லை. டிரிகரை அழுத்தினேன்: கேஏ பேண்ட், 34.7 கிகாஹெர்ட்ஸ், முழு பலம். விட்டேன், நின்றுவிட்டது. ஓய்வில் கசிவு என்ற கதை, என் கையிலிருந்த கருவியைப் பொறுத்தவரை, அந்தப் பத்து நிமிடத்தோடு முடிந்தது.

அடுத்து காவலரைப் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் அனுப்பினேன். கன் எங்களுக்கு எதிர்த்திசையில், காலி மைதானத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் அழுத்தியபோது கட்டடத்தின் இந்தப் பக்கம் இருந்த டிடெக்டர் ஒரு புள்ளி பலத்தில் ‘பீப்’ என்றது. யுஎஸ் 1இல் கேட்ட அதே பீப். வேலிக் கம்பி, விளக்குக் கம்பம், நிறுத்தியிருந்த பஸ் என்று எதெதிலோ பட்டுத் தெறித்து வந்த அலை அது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்ததை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன்.

இவ்வளவு மெல்லிய தெறிப்பு எப்படி டிடெக்டருக்குக் கேட்கிறது என்று கேட்கலாம். ரேடார் அனுப்பும் அலை காருக்குப் போய், அங்கிருந்து சிதறி, மிச்சம் திரும்பி வர வேண்டும். போகும்போதும் மங்குகிறது, வரும்போதும் மங்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ரேடாருக்குத் திரும்பிக் கிடைக்கும் பலம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிடெக்டருக்கு அந்த இரட்டைப் பயணம் இல்லை, நேராக வரும் அலையைப் பிடித்தால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் அதற்கு நான்கில் ஒரு பங்கு. ரேடார் அளக்க முடியாத தூரத்திலிருந்தே டிடெக்டர் அதைக் கேட்பது இதனால்தான். கட்டடத்தைச் சுற்றித் தெறித்து வந்ததுகூடக் கேட்டதற்கும் இதுவே காரணம்.

அன்று காவலர் தன் பழைய டியூனிங் ஃபோர்க் ஒன்றையும், அதாவது தட்டினால் எப்போதும் ஒரே அதிர்வெண்ணில் அதிரும் கவட்டையையும், கொண்டுவந்திருந்தார். பணி தொடங்கும்போது ரேடார் சரியாக அளக்கிறதா என்று பார்க்க இதைத் தட்டி ஆண்டெனாவுக்கு முன்னால் காட்டுவார்களாம். கே பேண்ட், 35 மைல் என்று அதில் பொறித்திருந்தது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் அதன் வேகத்துக்கு ஏற்ப மாறும், இதுதான் டாப்ளர் விளைவு. கே பேண்டில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும், அதனால் அந்த ஃபோர்க் 2,520 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. எங்கள் கன் 34.7 கிகாஹெர்ட்ஸ். அதில் ஒரு மைலுக்கு 103.5 ஹெர்ட்ஸ். ஃபோர்க்கைத் தட்டிக் காட்டியபோது திரையில் 24 வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. 35 என்று பொறித்த ஃபோர்க் 24 என்று காட்டியதில் என் மகளுக்கு டாப்ளர் விளைவு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

சரி, போலீஸ் ரேடார் ஓய்வில் கசியவில்லை. அப்படியென்றால் கசிவுக் கதை எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் போனபோதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். கசிவது டிடெக்டர்.

ரேடியோ வாங்கிகள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. உள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலந்து, வித்தியாசத்தை எடுத்துப் பார்க்கும். டிடெக்டரும் அப்படித்தான். பல டிடெக்டர்களில் அந்த உள் அலை 11.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். உள்கவசம் சரியாக இல்லாத மலிவு டிடெக்டரில் அது, அலையை வாங்கும் முன்பக்க ஹார்ன் வழியாகவே வெளியே வந்துவிடுகிறது. அதன் மூன்று மடங்கு அலையும் கூடவே கொஞ்சம் வரும். மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 34.5. போலீஸ் பயன்படுத்தும் கேஏ பேண்டின் நடுவில் வந்து விழுகிறது. அதனால் பக்கத்து லேனில் மலிவு டிடெக்டரோடு ஒரு கார் போனால் என் டிடெக்டர் ‘கேஏ’ என்று கத்தும். நண்பரின் பழைய டிடெக்டரை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து ஆன் செய்து பார்த்தேன். ரேடார் எதுவுமே இல்லாத என் வீட்டுக் கராஜில் கேஏ எச்சரிக்கை வந்தது. அணைத்தால் நின்றது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

இந்தக் கசிவு ஒரு காலத்தில் பெரிய தொல்லையாகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளும் கடைகளும் கார்டு பணப் பரிமாற்றத்துக்குக் கூரையில் சிறிய செயற்கைக்கோள் தட்டுகளை வைத்திருந்தன. அவை 11.7 முதல் 12.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைக் கேட்பவை. டிடெக்டர் மாட்டிய கார் பங்க்குக்குள் வந்தால் இணைப்பு தடுமாறியது. 2002இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அந்த அலைவரிசையில் டிடெக்டர்கள் கசியும் அளவுக்குக் கட்டாய எல்லை வைத்தது. செயற்கைக்கோள் இணைப்பையே கலைக்கிற அளவுக்கு டிடெக்டர் கசிந்தது என்றால், அதைப் போலீஸ் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பார்களா? அதற்கென்றே டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் வந்தது. விஜி-2 என்பது பழையது, ஸ்பெக்டர் அதன் பிறகு வந்தது. ரோந்துக் காரில் உட்கார்ந்தபடி, எதிரே வரும் காரில் டிடெக்டர் ஓடுகிறதா என்று அவை சொல்லும்.

நம் ஆட்களில் பலருக்கு இது ஏன் முக்கியம் என்றால், வர்ஜீனியா. எங்கள் பகுதியிலிருந்து மேரிலாந்தின் லேன்ஹாமில் இருக்கும் சிவா விஷ்ணு கோவிலுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது போவோம். ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்து, பீட்டர்ஸ்பர்க்கில் ஐ-95க்கு மாறி, ரிச்மண்ட் வழியாகப் பாதிக்கு மேல் வர்ஜீனியாதான். அங்கே ரேடார் டிடெக்டர் சட்டவிரோதம். வாஷிங்டன் டிசியிலும் அப்படியே. இன்னொன்றும் உண்டு: மேரிலாந்துக்குள் நுழையும் உட்ரோ வில்சன் பாலம் நடுவில் டிசியின் ஒரு சின்ன மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. மற்ற மாநிலங்களில் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளலாம். லாரி, டிரக் போன்ற வணிக வாகனங்களில் நாடு முழுவதும் மத்திய விதிப்படித் தடை.

வர்ஜீனியாவில் டிடெக்டரை அணைத்துக் கையுறைப் பெட்டியில் போட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது போதாது. மின்சாரம் கிடைக்காமலும், ஓட்டுநர், பயணிகள் யாருக்கும் எளிதில் கை எட்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வயரைக் கழற்றி டிக்கியில் வைப்பதுதான் சரி.

அதைவிட முக்கியமானது வர்ஜீனியாவின் வேகச் சட்டம். எல்லையைவிட 20 மைல் அல்லது அதற்கு மேல் கூடுதலாகப் போனாலும், எல்லை எவ்வளவாக இருந்தாலும் 85ஐத் தாண்டினாலும், அது ‘ரெக்லெஸ் டிரைவிங்’, அதாவது பொறுப்பற்ற ஓட்டுதல். 2020 ஜூலைக்கு முன்பு அந்த 85, 80ஆக இருந்தது. எல்லை 70 இருக்கும் சாலையில் 86 போனால் பதினாறு மைல்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் அது சாதாரண டிக்கெட் இல்லை, கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எச்1பி வேலை வீசாவில் இருப்பவர்கள் வீசா ஸ்டாம்பிங்குக்குப் போகும்போது நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி வரும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ எழுத நேர்ந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். வீசாவுக்காகக் காத்திருந்து அவர் சென்னையில் சில வாரங்களைக் கழித்த விதம் நினைவுக்கு வந்தால், வர்ஜீனியாவில் என் கால் தானாகவே இறங்கிவிடும்.

டிக்கெட்டுக்குப் பிறகு ஆறு மாதம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் காரில் வைத்திருந்தேன். ஓட்டிக்கொண்டே எழுதவில்லை, என் மனைவியிடமோ மகளிடமோ சொன்னால் அவர்கள் குறித்துக்கொள்வார்கள். எந்த இடம், எந்த பேண்ட், அதிர்வெண் எண் என்ன, எப்படி ஆரம்பித்து எப்படி முடிந்தது. ‘ஏங்க, இத்தனை பீப்பில் உண்மையான போலீஸ் எத்தனை?’ என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். எண்ணிப் பார்த்தோம். 140 பதிவில் ஒன்பது.

மீதி எல்லாம் என்ன? பெரிய பங்கு கே பேண்ட். மளிகைக் கடை, மருந்துக் கடைகளின் தானியங்கிக் கதவுகள் ஆள் வருவதைக் கண்டுபிடிக்க அதே 24 கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் அலை அனுப்புகின்றன. அவை தினமும் அதே இடத்தில், அதே எண்ணில் வரும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். அதற்கடுத்தது, பக்கத்தில் போகும் கார்களின் ‘பிளைண்ட் ஸ்பாட்’ எச்சரிக்கை. பல கார்களில் அதுவும் 24 கிகாஹெர்ட்ஸ். அது நம்மோடு நகரும், அந்தக் கார் தாண்டிப்போனால் போய்விடும், இதுதான் அடையாளம். புதிய கார்களில் வரும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் டிடெக்டருக்குக் கேட்காது, அதனால் இந்தத் தொல்லை மெல்லக் குறைகிறது. எக்ஸ் பேண்ட், அதாவது 10.5 கிகாஹெர்ட்ஸ், பழைய கதவுகள்தான். என் ஆறு மாதத்தில் ஒரு முறைகூடப் போலீஸ் இல்லை.

அந்த ஒன்பதும் கிட்டத்தட்ட முழுக்க கேஏ. எண்கள் 33.8, 34.7, 35.5 இவற்றைச் சுற்றியே இருந்தன. டிடெக்டர் வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பேண்ட் பெயரை மட்டும் காட்டுவது வேண்டாம், எண்ணைக் காட்டுவதாகப் பாருங்கள். கசியும் டிடெக்டரா, போலீஸா என்று எண்ணையும் அது நிலையாக நிற்கிறதா என்பதையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும். திசை அம்புக்குறி இருந்தால் இன்னும் நல்லது. 1992இல் மைக் வாலன்டைன் கொண்டுவந்த வாலன்டைன் ஒன்தான் அந்த அம்புக்குறியைப் பிரபலமாக்கியது. ஆபத்து முன்னாலா, தாண்டிவந்துவிட்டோமா என்பது தெரிவது பெரிய விஷயம்.

எண்ணைவிட, பீப் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் நான் இப்போது கவனிக்கிறேன். மெதுவாகத் தொடங்கி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஏறிக்கொண்டே வந்தால், ரேடாரை எப்போதும் ஆனில் வைத்து ஓடிவரும் ரோந்துக் கார். இதற்கு அவகாசம் நிறைய இருக்கிறது. திடீரென்று ஒரு நொடி, மெல்லிசாக, பிறகு மௌனம் என்றால்தான் நெஞ்சு திக்கென்று ஆக வேண்டும். முன்னால் எங்கோ பொத்தானை அழுத்தி யாரையோ அளந்திருக்கிறார்கள். அடுத்தது நாம். சாலையில் தனியாகப் போகும்போது இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது, முதல் அளவே நம்முடையதாகிவிடும். இதையும் காவலர்தான் சொன்னார்.

போலீஸ் வேகம் அளக்கும் லேசரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஒளிக்கற்றை, 900 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. ஆயிரம் அடியில் மூன்று நான்கு அடி அகலத்துக்குத்தான் விரியும். டிடெக்டர் லேசர் என்று கத்தும்போது அநேகமாக உங்கள் வேகம் எழுதியாகிவிட்டது. பின்னாலேயே வந்து வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் போலீஸுக்கு அலையே தேவையில்லை. டிடெக்டர் இருக்கிறது என்று 15 மைல் கூட்டி ஓட்டுபவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. நான் அப்படி ஓட்டியவன்தான். இப்போது எல்லையைவிட ஐந்துக்கு மேல் போவதில்லை. டிடெக்டரைக் கழற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அது என்னைச் சாலையை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது. பீப் வந்தால் கண்ணாடிகளைப் பார்ப்பேன், முன்னால் மேடா வளைவா என்று பார்ப்பேன், கால் தானாகவே தளரும்.

போன தை மாதம் மறுபடி லேன்ஹாம் போனோம். ஐ-85இல் வர்ஜீனியா எல்லைக்கு முந்தைய எக்ஸிட்டில் இறங்கிப் பெட்ரோல் போடுவது எங்கள் வழக்கம். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மகள் டிடெக்டரைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, வயரைச் சுற்றி, டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். ‘அப்பா, இந்த பங்க்ல கூரை மேல டிஷ் இருக்கா?’ என்று கேட்டாள். அண்ணாந்து பார்த்தோம். பழைய தட்டு ஒன்று, துருப்பிடித்த கம்பியில், தெற்கு வானத்தைப் பார்த்தபடி இருந்தது.